அழித்த கேள்விக்குறி

கிருஷ்ணகிரி
ஜூலை 12, சனிக்கிழமை

அன்பு மகள் அருணாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம், உடம்பைப் பொறுத்தவரை. நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்ன் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். வாரம் ஒரு தடவை முகம் பார்த்துப் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அம்மா போனை நடுக்கூடத்தில் வைத்துத்தான் பேசுகிறாள், உன் அண்ணன் குரு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறான், அவன் காதில் விழக் கூடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவனிடமே சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்கிறேன் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

நம் மாம்பழக்கூழ் ஆலை நான்கு வருஷத்தில் மூன்று தடவை திசை மாறிவிட்டது. நீ இருந்தபோது டிரம்களில் கூழ் அடைத்து ஜூஸ் கம்பெனிகளுக்குக் கொடுத்தோம். நம்மைவிடப் பத்து மடங்கு பெரிய ஆலைகள் வந்த பிறகு அவர்கள் விலைக்கு நம்மால் இறங்க முடியவில்லை. உடனே குரு ஏற்றுமதி என்றான், அதற்காக வாங்கிய சான்றிதழ்கள் இன்னும் அலுவலகச் சுவரில் தொங்குகின்றன. அடுத்த வருஷம் மாம்பழ மிட்டாய் என்றான், அதில் எறும்புகளுக்குத்தான் நல்ல லாபம். இந்த வருஷம் பெரியவர்களோடு விலையில் மோத வேண்டாம், அவர்கள் கிடைத்த ரகத்தையெல்லாம் கலந்து அரைக்கிறார்கள், நாம் ஒரே ரகத்தைச் சர்க்கரை சேர்க்காமல் சின்னக் கண்ணாடி பாட்டிலில் நம் பெயரிலேயே பெங்களூரில் விற்போம் என்றான். இது சரியான யோசனை என்று எனக்குப் பட்டது. முந்தைய இரண்டும் தப்பு என்று பட்டபோதும் நான் வாய் திறக்கவில்லை, அதனால் இதைச் சரி என்று சொல்ல மட்டும் எனக்கு என்ன தகுதி என்று இருந்துவிட்டேன்.

லேபிளுக்கு வாசகம் எழுதியது காவியா. சாமல்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண், உணவுத் தொழில்நுட்பம் படித்தவள், கூழின் புளிப்பையும் இனிப்பையும் அளந்து பார்ப்பது அவள் வேலை. ரகத்தின் பெயரைப் பெரிதாகப் போடு என்று குரு சொல்ல, நாம் எல்லோரும் சொல்கிற பெயரையே அவள் போட்டாள், பெங்களூரா என்று. மற்ற ஊர்களில் தோத்தாபுரி, கிளிமூக்கு என்பார்கள், நமக்குப் பிறந்ததிலிருந்து அது பெங்களூராதான், அந்தச் சொல்லுக்குள் ஒரு நகரம் இருப்பது இங்கே யார் காதிலும் விழாது. அச்சுக்குப் போகும் முன் மாதிரித் தாள் என்னிடம் வந்தது. என் காதில் விழுந்தது, அருணா. ஓசூர் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தர ஆய்வுப் பிரிவில் பெங்களூர்க்காரர்களோடு வேலை செய்தவன் ஆயிற்றே. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். அந்த நேரம் பார்த்து குரு போனில், "அப்பா, இதையும் புடிச்சி இழுத்துக்கினு ஒக்காராதீங்க, பிரிண்டுக்காரன் காத்துக்கினு இருக்கான்" என்றான். ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை முதல் வண்டி பெங்களூர் கடைக்குப் போய் அப்படியே திரும்பி வந்தது. கடை மேனேஜர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "முன்னாடி பெங்களூருன்னு இருக்கு, பின்னாடி கிருஷ்ணகிரின்னு இருக்கு, ஜனங்க ஏமாத்துறியான்னு கேட்டா நான் ஏனு ஹேளோது சார்?" என்று பாதி தமிழும் பாதி கன்னடமுமாகக் கேட்டாராம், நான் என்ன சொல்வது என்று. பேரை மாத்திக்கினு வாங்க, நோடோணா என்றாராம். பார்க்கலாம் என்றுதானே அதற்கு அர்த்தம், ஒட்டுத்தாள் அடித்து தோத்தாபுரி என்று மேலே ஒட்டினால் பத்து நாளில் திரும்பவும் அனுப்பலாம் என்று காவியா சொன்னாள். குரு கேட்கவில்லை. "அந்த ஊர்ல நோடோணான்னா வாசலக் காட்டறான்னு அர்த்தம்" என்று கத்தினான். மறுபடியும் டிரம்முக்கே போகிறானாம், பெங்களூர்க் கடை என்ற பேச்சே வேண்டாமாம், எல்லாம் காவியா செய்த வேலையாம், திங்கட்கிழமையோடு அவளை நிறுத்தப் போகிறானாம். பழம் நறுக்குகிற பாப்பம்மா மட்டும், "மாங்கா நம்மூர்ல பொறந்து அவங்கூரு பேர வெச்சிக்கினு கெடக்குது, பேருக்காரனே எம்புள்ள இல்லன்னுட்டான், அதுக்கு அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். காவியா சிரிக்கவில்லை, நானும்தான். அவள் என்னைப் பார்த்தாள். அந்தத் தாளில் கேள்விக்குறி இருந்த தடம் அவளுக்கும் தெரிந்திருக்குமோ என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அம்மா வேறு, "மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு இருக்கறதுக்கு எதையாச்சும் வாயத் தொறந்து சொல்லுங்களேன்" என்கிறாள்.

எரிச்சலாக இருக்கிறது, அருணா. ஒரு வழி பலன் தருவதற்குள் அடுத்த வழிக்குத் தாவுகிறானே என்று குருவின் மேல். அதைவிட என் மேல். ஓசூரில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு உதிரிபாகத்தில் சந்தேகம் வந்தால் சிவப்புச் சீட்டுக் கட்டித் தனியே வைத்துவிட வேண்டும், தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும். யாரோ முதலாளியின் இரும்புக்கு முப்பத்தோரு வருஷம் அதைச் செய்தேன், சொந்த மகனின் லேபிளுக்குச் செய்யவில்லை.

அந்த மாதிரித் தாளை உனக்கே அனுப்பிவிடலாம் என்று இந்த உறைக்குள் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன், அது போய்ச் சேர வேண்டிய இடம் மெல்போர்ன் இல்லை. பழைய பெட்டியைத் துழாவியதில் ஒரு சிவப்புச் சீட்டு கிடைத்தது. காரணம் என்ற இடத்தில், ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்தது, அவரே அழித்தார் என்று எழுதினேன். பொறுப்பு என்ற இடத்தில் என் முழுப் பெயரையும் எழுதினேன், இந்தத் தடவை பேனாவால். தாளோடு சேர்த்துக் கட்டி, குருவின் லேப்டாப் மேல் இப்போதுதான் வைத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும், காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. குரு போனில் கத்தினால் எனக்காகப் பரிந்து பேசாதே. திங்கட்கிழமை காவியா வேலைக்கு வந்தாளா என்று மட்டும் அவனைக் கேள்.

உன் அப்பா,
நாராயணப்பன்