இடது பக்கம் இன்னும் இடிக்கிறது

பூங்குழலி,

சோறு குக்கரில் இருக்கிறது. ரசத்தைச் சுட வைத்துக்கொள். வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டி மேலே வை.

நேற்று உன் பல் டாக்டர் காலேஜில், புதுசாகக் கட்டிய என் பல்லின் மேல் நீலக் காகிதம் வைத்து "கடிங்க" என்றாய். மை பட்ட மேட்டை மட்டும் மிஷினால் தேய்த்தாய். வலிக்கவே இல்லை. பெருமையாக இருந்தது.

அப்போதுதான் உன் தோஸ்த் வந்து, "யாருடி இவங்க?" என்றாள். நீ நிமிராமலே, "பேஷண்டுடி" என்றாய். குளித்துவிட்டுத்தான் வந்தேன். டேனரித் தோல் வாசனை போகாது, நான் இன்னா செய்ய?

அப்புறம், "ரெண்டு பக்கமும் சமமா படுதா?" என்று கேட்டாய். "சரியா இருக்குது" என்று எழுந்து வந்துவிட்டேன். அது பொய். இடது பக்கம் இன்னும் இடிக்கிறது. ராத்திரி கஞ்சிதான் குடித்தேன்.

வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு வர்றேன். மிச்சத்தையும் நீயே தேய்.

அம்மா

இன்னொன்று. அங்கே பேஷண்ட் சீட்டில் இனிமேல் கைநாட்டு வைக்க மாட்டேன். இதை எழுதுகிற மாதிரியே, நீ சொல்லிக்கொடுத்த எழுத்தில் என் பேரை நானே எழுதுவேன். அதுக்குக் கீழே உறவினர் பெயர் என்று ஒரு கோடு இருக்கிறது. அதில் உன் பேரை எழுதட்டுமா, சும்மா விடட்டுமா?