உன் பெயரில் நான் நீக்கிய ஆள்

அன்று அதிகாரி கேட்டபோது நீ ஏன் என் பெயரைச் சொல்லவில்லை? இருபது வருடங்களுக்கு மேலாகிறது. நீ இறந்துபோய் நாற்பது நாள் ஆன பிறகு உன்னிடமே கேட்பதில் நியாயம் இல்லை.

இன்று ஐரோலி அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண் கணினியைத் திறந்தபடியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். கறுப்புத் திரை, அதில் வெறும் எழுத்துகள். ஊழியர் விவரங்களைத் திருத்த இன்னமும் அப்படி ஒரு திரைதான். கட்டளைக்குக் காத்திருந்த அந்தச் சிறு கோடு கண்சிமிட்டியதும், டிராம்பே தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு நாம் பாஸ் போட்டுக்கொடுத்த கேட் பாஸ் பிரிவு கண்முன் வந்து நின்றது.

நம் இருவருக்கும் ஒரே டெர்மினல். காலையில் முதலில் வருபவள் தன் பாஸ்வேர்டைப் போட்டுத் திறப்பாள். மாலைவரை இருவரும் அதிலேயே வேலை செய்வோம். முதலில் வருவது எப்போதும் தாராவியிலிருந்து வரும் நீதான். நான் மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸைக் குறை சொல்லிக்கொண்டே வருவேன். திரையில் பச்சை எழுத்தில் மூன்று வரி. ஒன்றை அழுத்தினால் ஆளின் பதிவைப் பார்க்கலாம், இரண்டு திருத்த, மூன்று நீக்க.

குடும்பப் பெயர் இல்லாமல் அந்தத் திரை யாரையும் ஏற்காது. நம் தமிழ் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? காண்ட்ராக்டரின் குமாஸ்தா அந்த இடத்தில் ஊர்ப் பெயரை எழுதிவிடுவார். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜூன் ஒன்று. ஒரு நாள், ஒரே ஊர், ஒரே தேதி, ஒரே வருடத்தில் இரண்டு சுடலைமுத்து அகப்பட்டார்கள்.

"ஒரே ஆள் ரெண்டு பாஸ் வாங்கியிருக்கான்" என்றேன்.

"ஏளா, அண்ணன் தம்பி மக்களா இருக்கும். தாத்தா பேர ரெண்டு வீட்லயும் வச்சிருப்பாவ. எங்க தெருவுல வந்து ஒரு பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு, நாலு பேரு திரும்புவாவ."

"பிறந்த நாளுமா ஒண்ணா இருக்கும்?"

"எனக்கும் ஜூன் ஒண்ணுதான். கேக்கு வாங்கித் தரலன்னு கோவமா?"

நான் சிரிக்கவில்லை. புள்ளியியல் படித்தவள், தற்செயலை நம்பாதவள். நீ சாப்பிடப் போன நேரத்தில் மூன்றை அழுத்தினேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு சுடலைமுத்துவை வாசலில் நிறுத்திவிட்டார்கள். அவருடைய பெரியப்பா மகன், இன்னொரு சுடலைமுத்து, அப்போது உள்ளே வேலை செய்துகொண்டிருந்தார்.

"கிஸ்னே நிகாலா?" என்று அதிகாரி வந்து நின்றார். யார் நீக்கியது என்ற இடத்தில் கம்ப்யூட்டர் உன் பெயரைக் காட்டியது. நீ என்னை ஒருமுறை பார்த்தாய். "மேரா பாஸ்வேர்ட் ஹை, சார்" என்றாய், உன் பாஸ்வேர்ட்தான் என்று. அது பொய்யும் இல்லை. உன் வேலை நிரந்தரமாக ஒரு மாதம்தான் இருந்தது. மெமோ வந்தால் அது தள்ளிப்போகும் என்று இருவருக்கும் தெரியும்.

செம்பூர் ஸ்டேஷன் போகும் பஸ்ஸில், "நாளைக்கு நான் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லு, சொல்லாம இரு. மொதல்ல அந்த மனுசன உள்ள விடு. ரெண்டு நாள் வெளிய நின்னா காண்ட்ராக்டர் வேற ஆளப் போட்டுருவான்."

இப்போதெல்லாம் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், இருவரையும் நேரில் பார்க்காமல் நான் எதையும் தொடுவதில்லை. இங்கே அதை என் கவனம் என்று புகழ்கிறார்கள்.

அன்று பஸ்ஸில் பேசியதற்கு மறுநாள் உனக்கு முன்பே வந்து, என் பாஸ்வேர்டில் திறந்து, சுடலைமுத்துவைத் திரும்பச் சேர்த்தேன். எட்டரைக்கு அவர் உள்ளே போனார். பதினொரு மணிக்கு உன் பெயருக்கு மெமோ வந்தது. நீ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாய். அதிகாரியின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. நான் போகவில்லை.