அன்றே நான் விற்றுவிட்டேன்

என்னங்க,

ஷிப்ட் முடிந்து பசியோடு வருவீர்கள். சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். பீரோ சாவி செருப்பு அலமாரி மேல்.

மதியம் உங்கள் தங்கச்சி வருவாள். எனக்கு ஏதோ அவசர வேலை என்று சொல்லிவிடுங்கள்.

"அவ வர்றான்னாலே ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கற?" என்று நேற்று கேட்டீர்களே, எனக்கு அவள் மேல் கோபமில்லை. தையல் கடை வைக்கச் சேர்த்த பணத்தை என் பேச்சைக் கேட்டுத்தான் பங்குகளில் போட்டாள். வெளிநாட்டுக்காரர்கள் கடன் பத்திரங்களை விற்றுத் தள்ளுகிறார்கள், அடுத்து பங்குகளும் சரியலாம் என்று போன மாதம் பேப்பரில் படித்தேன். அன்றே என்னுடையதை விற்றுவிட்டேன். சாயங்காலம் அவள் போன் பண்ணி, "அண்ணி, பயமா இருக்கு, வித்துடட்டுமா?" என்றாள். போடச் சொன்ன நானே ஓடிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மா இருடி, நான் இருக்கேன்ல" என்றேன். இப்போது அவள் பணத்தில் கால்வாசி போய்விட்டது.

பி.கு.: அவசர வேலை என்றெல்லாம் சொல்ல வேண்டாம். அவள் வருவதற்குள் வரப் பார்க்கிறேன். நேரமானால் போகவிடாமல் உட்கார வையுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு எதுவும் சொல்லாதீர்கள். அவள் என்னிடம்தானே கேட்டாள்.