மூதூர் லோஞ்சுக்கு ஓர் அழுத்தக் கட்டு

நவம்பர் 5, திங்கள்

விடியவே மழை. வாடைக்காற்று தொடங்கிவிட்டது. திருகோணமலையிலிருந்து மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்குள் டீசல் மணம், கருவாட்டு மூட்டை, யாரோ எடுத்த வாந்தி. மூதூரில் இறங்கும்போது சேலைக் கரை முழுக்க உப்பு. முதல் பாடத்துக்குப் பிந்திவிட்டேன்.

பின்னேரம் பயணிகள் சங்கக் கூட்டம், எங்கள் பள்ளிக்கூடத்திலேயே. போன மாதம் ஜெட்டிக்கும் லோஞ்சுக்கும் நடுவே கால் நசுங்கிய மனிசியின் கதைதான் முழுநேரமும். அன்று லோஞ்சின் முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு அயடீன் போத்தல், மஞ்சளாய்ப் போன பஞ்சு, துருப்பிடித்த கத்தரிக்கோல். யாரோ தான் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக் கட்டினாராம். கரைக்கு வரும்போது அவவுக்கு நினைவு தப்பியிருந்தது. உயிர் பிழைத்தது பெரிய காரியம்.

புதுப் பெட்டிக்கு நான் பொறுப்பு. முதலுதவி வகுப்பு முடித்தவள், திங்கள் போய் வெள்ளி திரும்புகிறவள், வேறு யார் என்று ஒரு வாயாகச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிளாஸ்டர், மருந்து, பஞ்சு எல்லாம் சுலபம். பாய்கிற இரத்தத்தை அழுத்திப் பிடிக்கிற கட்டுத்தான் யோசனை. லோஞ்ச் கடக்கிற கொட்டியாரக்குடா நடுவில் டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை.

கூட்டம் கலையும்போது ஹபீபு நானா பக்கத்தில் வந்தார். கிண்ணியா ஆள். நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த நாள் தொடக்கம் லோஞ்ச் ஓட்டுகிறவர் அவர்தான்.

"என்னத்த வாங்கினாலும் ஒரு கையால கட்டக்கூடிய சாமானா வாங்குங்க டீச்சர். கடலில மத்தக் கை எதையாவது புடிச்சிக்கிட்டுத்தான் நிக்கும்."

இதை நான் யோசிக்கவேயில்லை.

நவம்பர் 9, வெள்ளி

திருகோணமலை. மழை விட்டிருந்தது. ஜெட்டியிலிருந்து நேரே கடைத்தெரு.

முதல் பார்மசி: கிரேப் பண்டேஜ் இல்லை. இரண்டாவது: இல்லை, எப்போது வரும் என்று தெரியாது. இறக்குமதி இல்லை என்று ஒரு பாட்டம் அரசியல் பேச்சு. மூன்றாவதில் இரண்டு சுருள் கிடந்தது. ஒன்று பிரித்து யாரோ பாவித்துப் பார்த்தது, இழுத்தால் திரும்பிச் சுருங்கவில்லை. மற்றது நல்லது. நல்லதை வாங்கினேன்.

டொக்யார்ட் றோட்டில் பழைய சாமான் கடை. வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன கோப்பை, கம்பளி, விளக்கு எல்லாவற்றுக்கும் கீழே ஒரு மரப்பெட்டி நிறையக் கட்டுப் பொட்டலங்கள். மண்ணிறத் துணி உறை, தைத்து மூடியது. உள்ளே தலையணைக் குட்டி மாதிரித் தடித்த பஞ்சு மெத்தை, அதன் இரண்டு பக்கமும் நீளத் துணி வால். மெத்தை துணியோடு சேர்த்தே தைத்திருக்கிறது. மூன்று எடுத்தேன். கடைக்காரர் சிரித்தார். எல்லோரும் விளக்குத்தான் கேட்கிறார்களாம்.

பேக்கரியில் பாண் கியூவில் நின்று வீட்டுக்கு வர இருட்டிவிட்டது.

நவம்பர் 10, சனி

இவரைக் கதிரையில் இருத்திப் பரிசோதனை. துறைமுகக் கந்தோரில் நாள் முழுக்க எழுதுகிற கையைச் சனிக்கிழமையும் விடமாட்டாயா என்று முறைப்பாடு. ஆனாலும் நீட்டினார்.

கையில் தேங்காய் எண்ணெய் பூசினேன். இரத்தம் வழுக்கும் என்று வகுப்பில் சொன்னது ஞாபகம்.

கோஸ் துணியை மடித்து வைத்து மேலே கிரேப்: மூன்றாவது சுற்றிலேயே கோஸ் நழுவி முழங்கைப் பக்கம் போய்விட்டது. இரண்டு கையும் வேண்டும், கூடவே பல்லும் வேண்டும்.

கடற்படைக் கட்டு: மெத்தை வைத்த இடத்தில் நின்றது. ஒரு கையால் சுற்ற முடிந்தது. ஆனால் துணிக்கு இழுவை இல்லை. இவர் கையை மடக்கி நீட்ட, கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிட்டது.

இரண்டிலும் குறை. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இவர் எண்ணெய்க் கையோடு பேப்பர் படித்துப் பேப்பரும் நாசம்.

பிறகு சாப்பிடும்போது இவர்தான் சொன்னார், மெத்தைக் கட்டை உள்ளேயும் கிரேப்பை அதற்கு மேலேயும் சுற்றினால் என்ன என்று. கை கழுவ முதல் எழும்பிச் செய்து பார்த்தோம். அசையவில்லை. கையை ஆட்டச் சொன்னேன், வாளி தூக்கச் சொன்னேன். அசையவேயில்லை.

நவம்பர் 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து அப்போதிக்கரி ஐயா வீட்டுக்கு. பென்ஷன் எடுத்த பிறகும் ஊரில் பாதிப்பேருக்கு அவர்தான் வைத்தியம். பண்டேஜ் எல்லாம் வீண் வேலை, இறப்பர் வாரால் மேற்கையை இறுக்கு, இரத்தம் நிற்கும் என்றார். நான் லோஞ்ச் கரை சேர எடுக்கும் நேரத்தைச் சொன்னேன். வாடைக் கடலில் அதைவிடக் கூட எடுக்கும். அவ்வளவு நேரம் இறுக்கிக் கிடந்தால் கை என்ன ஆகும் என்று கேட்டேன். கையை நீட்டினார்.

"அப்ப உன்ர கட்டைக் கொண்டா பிள்ளை, பாப்பம்."

பிரித்த பொட்டலத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். உள் கடதாசி கிழியவில்லை, ஈரம் ஏறவில்லை, பாவிக்கலாம் என்றார். கிரேப்புக்குத்தான் பயம்: உப்புக் காற்று பட்டால் ஒரு மழைக்காலத்தில் இழுவை போய்விடும், மூடி இறுகும் தகரத்தில் வை என்றார். அவர் சொன்னது சரி. நான் துணிப் பையில் வைக்க இருந்தேன்.

சொல்லித் தந்தவை: விரல் பக்கமிருந்து மேலே சுற்று. நனைந்தால் முதல் கட்டை எடுக்காதே, மேலே இன்னொன்று வை. கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்து. நகத்தை அமத்திவிட்டுப் பார், சிவப்புத் திரும்பாவிட்டால் மேல்சுற்றைத் தளர்த்து.

வாசல் வரை வந்து திரும்பவும் நகத்தைப் பற்றிச் சொன்னார்.

நவம்பர் 12, திங்கள்

பிஸ்கட் தகரம், சிவப்புச் சிலுவை பூசி, லோஞ்சில் வைத்தாயிற்று. எஞ்சின் பார்க்கும் சிறிபால எஞ்சின் அறைதான் காய்ந்த இடம் என்றார். நான் சுக்கானுக்குப் பக்கத்தில் என்றேன். ஆபத்து நேரம் எஞ்சின் அறைக்குள் யார் இறங்குவது? ஹ. நானா என் பக்கம். சுக்கான் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டினார்.

கடல் மோசம். ஒரு கை பிடித்தபடியே வந்தோம்.

நவம்பர் 23, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டேன். எழுத ஏலாது. ஹபீபு நானா பெரியாஸ்பத்திரியில். உயிரோடு.

நவம்பர் 24, சனி

இன்று எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நித்திரை வராது.

நேற்றுப் பின்னேரம் மூதூரிலிருந்து புறப்படும்போதே வானம் கறுப்பு. சனம் குறைவு. நான் சுக்கான் அறைக்குப் பின்னால் உள்ள மர வாங்கில் இருந்தேன். குடாவின் நடுவைத் தாண்டியிருப்போம். வலப்பக்கமிருந்து ஒரு கடல், லோஞ்சுக்காரர் பெரிய அலையை அப்படித்தான் சொல்வார்கள், எழும்பி வந்தது. அதைக் கண்டேன். மதில் மாதிரி. அடுத்தது சத்தம், தண்ணீர், ஆட்களின் கூக்குரல். சுக்கான் அறை முன்கண்ணாடி முழுதாக உள்ளே விழுந்துவிட்டது.

ஹ. நானா விழவில்லை. வலக்கையால் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றார். இடக்கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே உட்பக்கம் பிளந்து கிடந்தது. இரத்தம் ஒழுகவில்லை, பாய்ந்தது. சக்கரம், சாரம், நிலம் எல்லாம்.

என் கால் நகரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"கையக் கட்டுங்க டீச்சர். சக்கரத்த விட ஏலாது. விட்டா லோஞ்ச் குறுக்கால திரும்பிரும்."

அதற்குப் பிறகுதான் எழும்பினேன். கண்ணாடித் துண்டுகளுக்கு மேலே முழங்கால். தகரத்தின் மூடி இறுகியிருந்தது, நகம் பிய்ந்தது. பொட்டலத்தைப் பல்லால் கிழித்தேன். மெத்தையை வைத்து என் முழு உடம்பையும் சாய்த்து அமத்தினேன். லோஞ்ச் எழும்பி விழ, நானும் அவரும் சுவரில் மோத, மெத்தை மட்டும் நின்றது. வாலைச் சுற்றினேன். சிவப்பு ஊறி வெளியே வந்தது. எடுக்காதே, எடுக்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு அதற்கு மேலே இரண்டாவது. அதற்கு மேலே கிரேப், விரல் பக்கமிருந்து, இழுத்து இழுத்து. கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன்.

இரண்டாவது மெத்தையில் ஒரு வட்டம் வந்தது. பெருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பெருக்கவில்லை.

ஆனால் கடல் வரும்போதெல்லாம் சக்கரத்துக்கு இரண்டு கை வேண்டும். அவர் கட்டின கையையும் கீழே இறக்கிப் பிடிக்கப் போனார். பிடித்தால் திரும்பவும் பாயும். சிறிபால கீழே எஞ்சின் அறைக்குள் ஏறிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார், அவரை எடுத்தால் எஞ்சின் நிற்கும். என் கை இரண்டும் அப்போது சும்மா இருந்தது. கட்டு தானாக அமத்திப் பிடித்துக்கொண்டிருந்ததால் சும்மா இருந்தது.

அவருடைய இடக்கையைத் தூக்கி என் தோளில் வைத்தேன். சக்கரத்தின் இடப்பக்கத்தை நான் பிடித்தேன்.

"இழுங்க" என்றால் இழுத்தேன். "விடுங்க" என்றால் விட்டேன். வேறு பேச்சில்லை. உடைந்த கண்ணாடிக்குள்ளால் மழை நேரே முகத்தில். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் நான். பின்னால் யாரோ ஒரு பெண் கலிமா சொல்லும் சத்தம், இன்னொருத்தி மாதாவைக் கூப்பிடும் சத்தம்.

கொஞ்சத்தால் அவர் சொன்னார், விரல் எல்லாம் மரத்துப் போச்சு என்று. தோளில் கிடந்த கையைப் பார்த்தேன். விரல் நுனி நீலம். நகத்தை அமத்தினேன். வெள்ளை. வெள்ளையாகவே இருந்தது.

தளர்த்தினால் இரத்தம். தளர்த்தாவிட்டால் கை. யாரிடம் கேட்பது? அவரிடம் கேட்டேன்.

"நீங்க படிச்சதச் செய்யிங்க. நான் கடலப் பாத்துக்கொள்றன்."

ஒரு கடல் கடந்து அடுத்தது வருவதற்குள் கிரேப்பின் மேல்சுற்று இரண்டைக் கழற்றினேன். வட்டம் உடனே கருஞ்சிவப்பாக விரிந்தது. கொஞ்சம் இளக்கித் திரும்பச் சுற்றினேன். நகத்தை அமத்தினேன். மெல்ல, மிக மெல்ல, ரோசா நிறம். ஆனால் சின்ன விரலும் அதற்கு அடுத்ததும் மரத்தபடியே என்றார்.

துறைமுக வாயிலுக்குள் நுழைந்ததும் கடல் படுத்துவிட்டது. சிறிபால மேலே ஓடிவந்து சக்கரத்தை வாங்கினார். அப்போதுதான் ஹ. நானா மடங்கி நிலத்தில் உட்கார்ந்தார். முகம் சாம்பல். நான் அவருடைய கையை உயர்த்திப் பிடித்தபடி ஜெட்டி வரை. என் முழங்காலில் இரத்தம், எது யாருடையது என்று தெரியவில்லை.

ஜெட்டியில் இவர் குடையோடு நின்றார். என்னைக் கண்டதும் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

நவம்பர் 25, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி. நாடியைத் தைத்துவிட்டார்கள். இரத்தம் ஏற்றியிருக்கிறது. உயிருக்குப் பயமில்லை என்று டொக்டர் சொன்னார். கட்டியது யார் என்று கேட்டு, நல்ல கட்டு என்றார்.

நான் அந்த இரண்டு விரலைக் கேட்டேன். கண்ணாடி நரம்பையும் வெட்டியிருக்கிறது என்றார். என் கட்டு இறுகியதால் இல்லையா என்றேன். இல்லை, கண்ணாடிதான் என்றார். வாசலைப் பார்த்தபடி, அவசரத்தில் சொன்னார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நம்ப வேண்டும். நம்பினேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். அப்போதிக்கரி ஐயாவிடமும் போய்க் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேர் சொல்லியும் நெஞ்சு ஆறவில்லை. அந்த நீலம் கண்ணுக்குள் நிற்கிறது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தது? நான் சக்கரத்தைப் பார்த்தேன், விரலைப் பார்க்கவில்லை.

நவம்பர் 26, திங்கள்

லோஞ்ச் ஓடவில்லை, கண்ணாடி போடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தந்தி. லீவு. அரிசி புடைத்தேன், புடைத்த அரிசியையே திரும்பவும் புடைத்தேன். இவர் சுளகை வாங்கி வைத்துவிட்டார்.

டிசம்பர் 2, ஞாயிறு

வெயில். நாளைக்கு மூதூர். லோஞ்ச் ஓடுகிறதாம், வேறு ஓட்டி.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹ. நானாவின் மனைவி கட்டிலடியில். என் முழங்காலுக்கு என்ன மருந்து போடுகிறேன் என்று விசாரித்தா. அவர் நன்றாகக் கதைத்தார், சாப்பாடு உப்பில்லை என்று குறை சொன்னார். மூன்று விரலை மடக்கிக் காட்டினார், சக்கரம் பிடிக்க இது காணும் என்றார். மற்ற இரண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான் விடவில்லை. கண்ணை மூடுங்கள் நானா, தொடுகிறேன், தெரிகிறதா என்று சொல்லுங்கள் என்றேன். டொக்டர் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு மூடினார்.

பெருவிரல். தெரியுது. அடுத்தது. தெரியுது. நடுவிரல். ஓம்.

மோதிர விரலுக்கு வந்தபோது என் கை நின்றுவிட்டது. துணிவு வரவில்லை. என் விரலை அந்தரத்தில் பிடித்தபடி அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் டீச்சர்" என்றார். "நல்லாத் தெரியுது."

நான் இன்னும் தொடவில்லை.

நல்லது நானா என்றேன்.