“பெறப்பட்ட” என்றால்

யூலை 14, திங்கள். அனலாய்க் கச்சான் காற்று. வீடெல்லாம் மணல்.
வியாழன் கொழும்பில் வழக்கு. சாப்பாடு இறங்கவில்லை.

நானும் கணவர் ரமணனும் நாவற்குடாவில் செய்யும் பெட்டிதான் பிரச்சினை. வயல் மோட்டாரில் பூட்டினால், வீட்டிலிருந்து மிஸ்கோல் கொடுத்ததும் மோட்டார் ஓடும். தங்கள் காப்புரிமையைத் திருடினோம் என்று ஒரு கொழும்புக் கம்பனி வழக்குப் போட்டிருக்கிறது. காப்புரிமைப் பத்திரத்தில் அவர்களது உரிமைக்கோரிக்கை: “அழைப்பு பெறப்பட்டதும் மோட்டாரை இயக்கும் கருவி.” எங்கள் பெட்டி அழைப்பை எடுப்பதே இல்லை. மணி அடித்ததும் வெட்டிவிடும். மணி அடித்தாலே “பெறப்பட்டது” என்றால் பட்டறைக்குப் பூட்டு.

ஒரு சொல்.

செவ்வாய். அதே காற்று.
எங்கள் லோயர் நசீர், ஓட்டமாவடிக்காரர், போனில்: “தங்கச்சி, பெட்டியச் செஞ்சது நீங்க. உங்களத்தான் கேப்பாங்க. உள்ளதச் சொல்லுங்க, கூடக் கதைக்காதீங்க.”

பிறகு பழுகாமத்துச் சிவலிங்கண்ணன். தன் வயல் மோட்டாருக்கு எங்கள் பெட்டியை வாங்கிப் பூட்டியவர். ஒரு கால் இல்லை.
“புள்ள, பெட்டியக் கழட்டப் போறாங்களாமே, மெய்யா? இந்தக் காலோட நான் வயல் வட்டைக்கு எப்பிடிப் போற?”
“ஒண்டும் நடக்காது அண்ணன்.”


வியாழன். கொழும்பு. புழுக்கம்.
சாட்சிக் கூண்டில் ஏறினேன். கம்பனி லோயர் ஆங்கிலத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில்:
“உங்கள் அம்மா அழைக்கிறார். நீங்கள் எடுக்கவில்லை. அழைப்பு வந்ததா, இல்லையா?”
“வந்தது.”
கம்பனி லோயர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். முடிந்தது, தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். ரமணனைப் பார்க்கவில்லை.

நசீர் எழுந்தார். அதே கோரிக்கையின் அடுத்த வரியை வாசித்தார்: “பெறப்பட்ட அழைப்பில் ஒன்றை அழுத்தினால் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும்.” என்னிடம்:
“மணி மட்டும் அடிக்கக்குள்ள இலக்கத்த அமுக்கினா மற்றப் பக்கம் போகுமா?”
“போகாது. எடுத்தாத்தான் போகும்.”
நீதிபதி ஏதோ எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

யூலை 21, திங்கள். வெயில்.
வெள்ளி, சனி, ஞாயிறு: தூக்கமில்லை. எழுத ஒன்றுமில்லை.

இன்று காலை நசீர் போன் எடுத்தார். ரமணன் ஸ்பீக்கரில் போட்டார்.
“தீர்ப்பு வந்திட்டு. பெறப்பட்ட எண்டா எடுத்த கோல்தானாம். வழக்குத் தள்ளுபடி.”
ரமணன் கத்தினார்: “கேட்டியா புள்ள!”
நசீர்: “ஆனா அவங்க அப்பீல் போவாங்க போல.”
“திரும்ப நான் கூண்டுல ஏறோணுமா சேர்?”
“இல்ல தங்கச்சி. அங்க லோயர்மார்தான் கதைப்பம்.”
அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.