கடைசிப் பத்தி இல்லாத திராட்சை

மச்சான்,

நேற்று சர்க்கரை கிளினிக்கில் ஒரு நர்ஸ் பெண் எனக்குச் சாப்பாட்டுப் பட்டியல் படித்துக் காட்டினாள். கலர் தண்ணி கூடாது, கேக் கூடாது, மரவள்ளிக்கிழங்கைக் குறைக்க வேண்டும் என்று என் வாழ்க்கையை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தவள், கடைசியில் இரக்கப்பட்டு, “திராட்சை சாப்பிடலாம் அங்கிள். ஒரு கைப்பிடிதான். இதயத்துக்கு நல்லது” என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வரிசையில் இருந்த கிழங்களெல்லாம் தங்கள் நோயை மறந்து திரும்பிப் பார்த்தன. அந்தப் பெண்ணுக்குக் கோபம். அவள் மேல் என்ன தப்பு? அவள் உன் கையைப் பார்த்ததில்லை. இருபது வருஷம் கரும்பு லாரி ஓட்டி, கொத்தனார் சட்டி அளவுக்கு அகன்று போன கை. அந்தக் கையால் ஒரு பிடி என்றால் கடையில் ஒரு குலை காலி.

இதைத் தமிழில் எழுதுகிறேன். பக்தியால் அல்ல, பாதுகாப்புக்காக. கோயில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக் கற்ற இந்த எழுத்தை எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாது. குற்றத்தை ஒப்புக்கொள்ள இதைவிடப் பத்திரமான இடம் நம் பா டவுனில் கிடையாது. உனக்கும் படிக்கத் தெரியாதுதான். நீ போன இடத்தில் யாராவது படித்துக் காட்டுவார்கள். என்னைப் போலில்லாமல் முழுசாகப் படிக்கிறவர்களாக இருக்கட்டும்.

இந்தத் தீவில் மூன்றாவது ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த வருஷம். முதல் இரண்டையும் நாம் நங்கோனா வேரைக் கரைத்துக் குடித்தபடியே கடந்துவிட்டோம். மூன்றாவதற்கு என் தங்கச்சி, அதாவது உன் பெண்டாட்டி, எழுந்து நின்றுவிட்டாள். கடைத்தெருவில் நம்மவர் கடைகள் மேல் கல் விழுந்தது என்று கேட்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. “பொண்ணு படிக்கணும். ஆஸ்திரேலியாவுக்குப் போறோம். அவ்ளோதான்” என்றாள். காகிதமெல்லாம் நிரப்பியாயிற்று. மிச்சம் இருந்தது மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான். உனக்கு ரத்தக் கொதிப்பு. அதோடு லேசாகச் சர்க்கரையும் என்று டிஸ்பென்சரியில் சொல்லியிருந்தார்கள். கொதிப்பைப் பார்த்துப் பயந்த நீ சர்க்கரையைச் சட்டையே செய்யவில்லை. கரும்பு ஏற்றுகிறவனுக்குச் சர்க்கரை இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும் என்று கேட்பாய்.

அப்போதுதான் அந்தக் கட்டுரை வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து யாரோ அனுப்பிய செருப்பைச் சுற்றியிருந்த பத்திரிகைப் பக்கம். ரராவாய் ஆலை வாசலில் உன் லாரி வரிசையில் நின்றது. முன்னால் நாற்பது லாரி. துணிக்கடையில் எனக்கு அரை நாள் லீவு. நான் உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, இங்கிலீஷைத் தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். திராட்சைத் தோலில் உள்ள சத்து ரத்தக் குழாய்க்கு நல்லது, பொட்டாசியம் கொதிப்பைக் குறைக்க உதவும், நார்ச்சத்து வயிற்றுக்கு நல்லது. இவ்வளவும் அதில் இருந்தவை. முழங்கால் வலி, மாமியார் தொல்லை, லாரி கியர் இறுக்கம் எல்லாம் தீரும் என்பது என் சொந்தச் சரக்கு.

“கொதிப்பு நெஜமாவே எறங்குமா மச்சான்?” என்றாய். சிரிக்காமல் கேட்டாய்.

“எறங்கும்னு அச்சடிச்சிருக்கான்டா.”

“எவ்ளோ தின்னணும்?”

“ஒரு கைப்பிடி.”

நீ உன் கையை விரித்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாய்.

பக்கத்தின் அடியில் இன்னொரு பத்தி இருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவோடுதான் சாப்பிட வேண்டும், நிறையத் தின்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் என்று. அதை நான் படித்தேன். வாய் திறக்கவில்லை. “அவ்ளோதானா?” என்றாய். “அவ்ளோதான்” என்று மடித்து உன் சட்டைப் பையில் வைத்தேன்.

ஏன் என்று கேட்காதே. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. என் ஜோக்குக்கு மற்றவர்கள் மரியாதைக்குச் சிரிப்பார்கள். நீ மட்டும்தான் பிலோச் சிரட்டையிலிருந்து நங்கோனா மூக்கில் ஏறும்படி சிரிப்பாய். கொஞ்சம் தாமதமாகப் போகட்டுமே என்று நினைத்தேன். இவ்வளவு அற்பமான காரணத்துக்கு ஒரு குடும்பத்தின் விசாவில் கை வைத்த ஆள் இந்தத் தீவில் நானாகத்தான் இருப்பேன்.

அதன்பிறகு நீ ஒரு திராட்சைப் பக்தன். கொல்லையில் கொய்யா உதிர்ந்து அழுக, நீ கப்பலில் வந்த பழத்தைத் தேடி சனிக்கிழமை சனிக்கிழமை அலைந்தாய். நங்கோனா கசப்புக்கு எல்லாரும் வேர்க்கடலை கொறித்தால், நீ திராட்சை. ஒருநாள் சாலையில் தடுப்புப் போட்டு ராணுவம் நம் லாரியை நிறுத்தியது நினைவிருக்கிறதா? துப்பாக்கியோடு ஒரு பூர்வகுடிப் பையன் ஹிந்தியில், “பையில என்ன?” என்றான். நீ, “மருந்து” என்றாய். அவன் உள்ளே கைவிட்டு ஒரு குலையை எடுத்தான்.

“இது மருந்தா?”

“ரத்தக் குழாயக் கழுவுற மருந்து தம்பி. தோலோட தின்னு. நாள் பூரா வெயில்ல நிக்கிற வேலை ஒனக்கு.”

அவன் தின்றான். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். பை பாதியானது. “வினாக்கா” என்று நன்றி சொல்லித் தடுப்பை விலக்கினான். கொஞ்ச தூரம் போனதும் நீ என் தொடையில் அறைந்தாய். “பாத்தியா? துப்பாக்கியே எறங்கிடுச்சி. என் கொதிப்பு எறங்காதா?”

பரிசோதனை நாள் காலை, லவுட்டோக்கா பஸ். முன் சீட்டில் தங்கச்சி காகிதங்களை மார்போடு அணைத்திருந்தாள். தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று சீட்டில் எழுதியிருந்தது. நீ ஒரு திராட்சைப் பொட்டலத்தைப் பிரித்தாய். நான் குனிந்து கிசுகிசுத்தேன்.

“டேய், எதுவும் தின்னக் கூடாதுடா.”

“சோறுதான் கூடாது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி பத்து நாள் வெரதம் இருக்கறோம், பழம் தின்றோமே. தின்னுட்டுத்தான் தீ மிதிச்சேன். கொப்புளம் வந்திச்சா? அம்மாவே ஒத்துக்கிட்டா. டாக்டர் ஒத்துக்க மாட்டானா?”

பிடுங்கியிருக்க வேண்டும். நான் ஜன்னலுக்கு வெளியே கரும்பைப் பார்த்தேன்.

கொதிப்பு உண்மையிலேயே குறைந்திருந்தது. அதைப் பாராட்டிவிட்டுத்தான் டாக்டர் சர்க்கரை அளவைச் சொன்னார். மருந்து சாப்பிட்டுக் கட்டுக்குள் கொண்டுவந்து ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். திரும்பும் வழியெல்லாம் தங்கச்சி காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்தபடி வந்தாள். இறங்கும்போதுதான், “ரெண்டு பேரும் சேந்து என் பொண்ணு வாழ்க்கையைச் சாறு புழிஞ்சிட்டீங்க” என்றாள். அழுதாள். அன்று இரவு என் நகைச்சுவை எனக்கே உதவவில்லை.

அந்த ஆறு மாதமும் நீ மாத்திரை, பாகற்காய், நடை. நானும் கூடவே நடந்தேன், பிராயச்சித்தமாக. தினமும் மில் வரை போய்த் திரும்பினோம். எதைப் பற்றிப் பேசினோம் என்று ஒரு வார்த்தை நினைவில்லை. சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. மறுமுறை தேறினாய். நாந்தி விமான நிலையத்தில், கடன் வாங்கிய கோட்டுக்குள், “மோதே மச்சான்” என்று நீ விடைபெற்றாய். கையை அசைத்தபோது பின்னால் இருந்த நான்கு பேர் மறைந்துபோனார்கள்.

அப்புறம் ஒவ்வொரு போனிலும் ஒரே கேள்வி. “மச்சான், இங்க திராட்சை வேலி மேலயே காய்க்குது. அந்தக் கட்டுரையில வேற ஒண்ணும் எழுதலியா?” நான் வியர்த்துப்போய், “இல்லடா” என்பேன். அந்தப் பக்கம் நீ இருமுவாய். பழத்தோல் தொண்டையில் சிக்கியது என்பாய்.

நீ கண்ணை மூடிய மூன்றாம் மாதம் தங்கச்சி ஒரு உறை அனுப்பினாள். உன் பர்ஸில் இருந்ததாம். அதே பக்கம், மடிப்பில் கிழிந்து. கடைசிப் பத்தியின் கீழே நீல மையில் கோடு. நான் போன் செய்தேன்.

“அது பொண்ணு போட்ட கோடு அண்ணே. நீ படிச்சிக் காட்டின அன்னைக்கே அவளக் கூப்ட்டு மறுபடியும் படிக்கச் சொன்னாரு. யாருகிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. எனக்கே இப்பதான் தெரியும்.”

“தெரிஞ்சா தின்னான்?”

“தெரிஞ்சேதான். அவருக்கும் கெளம்ப அவசரமில்ல போல. உங்க ரெண்டு பேரையும் செருப்பால அடிச்சிருக்கணும்.”

இத்தனை வருஷம் நான் உன்னை ஏமாற்றியதாக நினைத்து வியர்த்திருக்கிறேன். அந்த வியர்வையை நீ அங்கே உட்கார்ந்து ரசித்திருக்கிறாய். அது இருமல் இல்லை என்று இப்போதுதான் புரிகிறது, பாவி.

அந்தப் பக்கம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. இன்று காலை என் சின்னக் கையால் ஒரு பிடி திராட்சை எடுத்துக் கழுவினேன். வாயில் போடுமுன் கடைசிப் பத்தியைத் தமிழாக்கி, ஒரு வார்த்தை விடாமல், உரக்கப் படித்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “யாருக்குப் படிக்கிறீங்க?”

“லாரியில உக்காந்திருக்கான் ஒருத்தன்” என்றேன். “இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்திச்சி.”