நீ எழுந்தால் மதுரை உள்ளே வந்துவிடும்

அக்கா,

உன் ரேடியோவின் ஏரியல் கம்பியில் காய்ந்த பசை ஒட்டியிருக்கிறது. இன்று காலை ஈரத்துணியால் துடைக்கப் போனேன். மைதாவும் மயில்துத்தமும் சேர்ந்த அந்த வாசம் வந்ததும் கையை எடுத்துவிட்டேன். பசை விரலோடு நீ கம்பியை இழுத்து விடுவாயே, அந்த இடம்.

நம் பட்டாசு ஷெட்டில் வெடிமருந்து வேலை கிடையாது. வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவது மட்டும்தான் என்பதால் உன் ரேடியோவை உள்ளே விட்டார்கள். ஆனால் தாயில்பட்டியில் ரேடியோ கேட்பது லேசான காரியமா? மதுரைப் பக்கத்து ஸ்டேஷனும் திருநெல்வேலிப் பக்கத்து ஸ்டேஷனும் முள்ளில் ஒட்டி ஒட்டி நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்டது நம் ஊர். திருநெல்வேலிக்காரர்கள் பழைய பாட்டுப் போட்டால், மதுரைக்காரர்கள் கடை விளம்பரத்தோடு அதன் மேலே ஏறிவிடுவார்கள்.

ஒருநாள் சோகப் பாட்டுக்கு நடுவில் குக்கர் விளம்பரம் விசில் அடித்தது. "அவ புருசனப் பறிகொடுத்துட்டு அழுதுக்கிட்டு இருக்கா, இவன் சோறு வெந்துருச்சுங்கான்" என்றாய். ஷெட்டே சிரித்தது. நான் குனிந்துகொண்டு சிரித்தேன்.

ரேடியோவுக்கு வடக்கே, மதுரைத் திசையை மறித்து, வாசலை ஒட்டி நீ உட்கார்ந்தால் மதுரை அடங்கிவிடும் என்பதை முதலில் கவனித்தது நான். ஆனால் உன் காதில்தான் சொன்னேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். அதற்கு முன்னும் வகுப்பில் எழுந்து பதில் சொன்னதில்லை. எனக்குத் தோன்றியதையெல்லாம் நீதான் உரக்கச் சொல்வாய். "ஏ, இந்தப் புள்ளைக்குக் காதுல வெளங்குது. நான் இங்கனதான் இருக்கணுமாம். யாரும் அசையாதீக!" பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "ஒருநாளாச்சும் நீயே சொல்லேன். கூரையா இடிஞ்சு விழுந்துரும்?" என்பாய்.

நீ தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், மதுரை உள்ளே பாய்ந்துவிடும். "உக்காருடி!" என்று எல்லோரும் கத்துவார்கள்.

"தண்ணி குடிக்கக்கூட ஒங்ககிட்ட லீவு கேக்கணுமாக்கும்?"

செம்போடு திரும்பி வருவாய். உட்காருவாய். பாட்டு தெளியும்.

புரட்டாசியில் உன் கண் மஞ்சளாகியிருந்தது. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு வேலைக்கு வந்தாய். தீபாவளி சீசன். "இந்த லோடு போகட்டும், ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிருவோம்" என்றாய். லோடு போனது. அதற்குப் பிறகு நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய். உன்னை வண்டியில் படுக்க வைத்தே கொண்டுவந்தார்கள்.

உன் காரியம் முடிந்ததும் ரேடியோவை உன் அம்மா என்னிடம் கொடுத்துவிட்டார். "இது பாடுதப்பல்லாம் அவ வீட்டுல இருக்காப்புல இருக்கு, நீயே வச்சுக்கோ தாயி" என்றார். ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். உன் இடத்தில் யாரும் உட்காரவில்லை. கூட்டுகிறவர்கள்கூட அங்கே விளக்குமாற்றை மெல்லப் போட்டார்கள். ரேடியோவில் இரண்டு ஸ்டேஷனும் நாள் முழுக்கச் சண்டை போட்டன. எங்கே யார் உட்கார்ந்தால் சரியாகும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

நேற்று சூப்பர்வைசர் அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "இது பாட்டா, சந்தைக்கடையா? இத மொதல்ல பழைய இரும்புக்காரன்கிட்ட போடணும்" என்று ரேடியோவைத் தூக்கக் கை நீட்டினார்.

"அண்ணாச்சி, எடுக்காதீக."

என் குரல்தான். எனக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது. நிறுத்தினால் மறுபடி வராது என்ற பயத்தில் எதிரே குழாய் உருட்டிக்கொண்டிருந்த மதினியைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்: "மதினி, நீங்க வாசப்பக்கம் வந்து உக்காருங்க. அக்கா இருந்த எடத்துல."

பின்னாலிருந்து யாரோ, "ஏ ஆத்தாடி, இதுக்கு வாய் இருக்கா!" என்றார்கள். மதினி பசைத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். உன் இடத்தை ஒரு தடவை கையால் தடவிவிட்டு உட்கார்ந்தார். பாட்டு தெளிந்தது. அண்ணாச்சி கையை மடக்கிக்கொண்டு, "சத்தத்தக் கொறச்சு வைங்க" என்றபடி போய்விட்டார்.

கூரை இடிந்து விழவில்லை, அக்கா. அதைச் சொல்லத்தான் வாசல் பக்கம் திரும்பினேன். மதினி உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ரேடியோவை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறேன். என் அம்மா கம்பெனி வேனில் வந்து இறங்கும்வரை நானும் அதுவும்தான். இங்கே வடக்கே உட்கார ஆள் இல்லை. பாட்டுக்கு நடுவில் மதுரை நுழைந்துவிடுகிறது. கம்பியைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். திருப்புவதில்லை. அது நுழையும்போதெல்லாம் தலையைத் தூக்கி வாசலைப் பார்க்கிறேன்.

நீ தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கிறாய்.